சொல்லுக்கு வெளியே நின்றவர்கள்

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பென்செல் ஊர்ச் சதுக்கத்தில் கயிறு கட்டி ஒரு வளையம் அமைக்கிறார்கள். தேவாலயத்தில் பூசை முடிந்ததும், பேண்டு வாத்தியம் முன்னே செல்ல, கறுப்பு அங்கி அணிந்த ஆட்சியாளர்கள் ஊர்வலமாக வந்து மேடையேறுகிறார்கள். வளையத்துக்குள் நிற்பவர்கள் வாக்காளர்கள். வெளியே நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள். வாக்குச்சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. ஆட்சியாளரைத் தேர்ந்தெடுப்பது, சட்டத்தை ஏற்பது, செலவுக்கு ஒப்புதல் தருவது எல்லாமே கையைத் தூக்கித்தான். தூக்கிய கைகளைக் கண்ணால் அளந்து முடிவு சொல்வார்கள். சந்தேகம் வந்தால்தான் எண்ணுவார்கள். இந்தக் கூட்டத்துக்கு லாண்ட்ஸ்கெமைண்டே என்று பெயர். நாட்டார் பேரவை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளே வரும் ஆண்களில் பலர் ஒரு வாளோடு வருவார்கள். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து மகனுக்கும் வந்த வாள். வாக்குரிமை அட்டைக்குப் பதிலாக அதையே காட்டிவிட்டு உள்ளே போகலாம். பெண்கள் மஞ்சள் நிற அட்டையைக் காட்ட வேண்டும். அந்த அட்டை அவர்களுக்குக் கிடைத்தது 1991இல். அந்த ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதிதான் பெண்கள் முதன்முதலாக வாக்காளர்களாக இந்த வளையத்துக்குள் கால் வைத்தார்கள்.

வகுப்பில் இந்த ஆண்டைச் சொல்லும்போதெல்லாம் 1891 என்று எழுதிக்கொள்ளும் மாணவியர் உண்டு. திருத்தியதும் சிரிப்பார்கள். ஐரோப்பாவின் நடுவில், கடிகாரத்துக்கும் வங்கிக்கும் செஞ்சிலுவைக்கும் பேர்போன நாட்டில், பெர்லின் சுவர் இடிந்த பிறகும் ஓர் ஊரின் பெண்கள் ஊர்க்காரியத்தில் கை தூக்க முடியாமல் இருந்தார்கள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் யாரையும் எள்ளி நகையாட எனக்கு இந்தக் கதை தேவைப்படவில்லை. தமிழ் இலக்கணம் கற்பிப்பவள் என்பதால் என்னை இந்த ஊருக்கு இழுத்தது வேறொன்று. அப்பென்செல் பெண்களை நூறாண்டுக்கு மேல் வெளியே நிறுத்தியது அவர்கள் அரசியல் சட்டத்தில் இருந்த ஒரே ஒரு சொல். கடைசியில் அவர்களை உள்ளே கொண்டுவந்ததும் அதே சொல்தான். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சர்லாந்தின் வடகிழக்கில், செண்டிஸ் மலையின் அடிவாரத்தில், சிட்டர் ஆற்றங்கரையில் இருக்கிறது அப்பென்செல். 1071ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் வருகிறது. ‘மடாதிபதியின் அறை’ என்ற லத்தீன் தொடர் தேய்ந்து அப்பென்செல் ஆனது. சாங்க்ட் காலன் மடத்தின் ஆளுகையில் இருந்த நிலம். 1513இல் ஸ்விஸ் கூட்டமைப்பில் பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. 1560இல் பெருந்தீயில் ஊர் எரிந்து மீண்டும் எழுந்தது. 1597இல் மதத்தின் பேரால் நாடு இரண்டாகப் பிரிந்தது: கத்தோலிக்கருக்கு இன்னர்ரோடன், சீர்திருத்தச் சபையினருக்கு அவுசர்ரோடன். அப்பென்செல் ஊர் இன்னர்ரோடனின் தலைநகரம். தலைநகரம் என்றாலும் உள்ளூர்க்காரர்கள் அதைக் கிராமம் என்றே சொல்கிறார்கள். ஊரில் ஆறேழாயிரம் பேர், முழுக் கான்டனிலும், அதாவது மாநிலத்திலும், இன்றைக்குப் பதினாறாயிரம் பேர் அளவில். நம் பேரூராட்சிகள் பலவற்றில் இதைவிடக் கூட்டம் அதிகம்.

சுற்றுலாப் படங்களில் இந்த ஊர் ஆண்களின் ஊராகவே இருக்கும். மஞ்சள் கால்சட்டையும் வெள்ளி வேலைப்பாடும் அணிந்த மேய்ப்பர்கள், கழுத்தில் பெரிய மணி கட்டிய பசுக்களை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் காட்சியை மரப்பலகையில் தீட்டுவது இங்கே ஒரு நாட்டுப்புற ஓவிய மரபு. அப்பென்செல் பாலாடைக்கட்டியின் மூலிகைக் கலவை ரகசியம் என்று சொல்லும் பேர்பெற்ற விளம்பரத்தில் மூன்று ஆண்கள் வாய்மேல் விரல் வைத்தபடி இருப்பார்கள். ரகசியம் காப்பதுகூட ஆண்கள் வேலைபோல.

பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அண்டைப் பகுதிகளான சாங்க்ட் காலனும் அவுசர்ரோடனும் இயந்திரப் பூத்தையலுக்கு மாறியபோது, இன்னர்ரோடனில் கைத்தையலே நிலைத்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். கைக்குட்டை, சட்டைக் கழுத்து, மேசை விரிப்பு. வட்டச் சட்டத்தில் துணியை இழுத்துப் பொருத்தி, வெளிச்சம் வரும் சன்னலோரம் குனிந்து உட்கார்ந்து போடும் வேலை. சிறுமிகளும் போட்டார்கள். இடைத்தரகர் துணியும் நூலும் வடிவமும் கொடுப்பார். முடித்த உருப்படிக்குக் கூலி தருவார். தையலில் குறை கண்டால் கூலியில் பிடிப்பார். பீடி சுற்றும் பெண்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. சிறு நிலமும் சில மாடுகளும் வைத்திருந்த குடும்பங்களுக்கு ரொக்கமாகக் கையில் வந்த காசு பெரும்பாலும் இந்த ஊசியிலிருந்து வந்ததுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு கேட்பு சரிந்து தொழில் படுத்தது. இன்று ஊர் அருங்காட்சியகத்தில் அந்தக் கைக்குட்டைகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஆக, சதுக்கத்தில் வரியையும் செலவையும் பற்றிக் கை தூக்கிய ஆண்களின் வீட்டு வருமானத்தில் ஒரு பங்கு, சதுக்கத்துக்கு வெளியே நின்ற பெண்கள் சம்பாதித்தது. உழைத்தால் உரிமை வரும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெண் சம்பாதித்தால் அவள் சொல்லுக்கு மதிப்பு வரும் என்பது நம் மேடைப் பேச்சுகளிலும் நிரந்தர வாசகம். அப்பென்செல் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்பாதித்தார்கள். அது அவர்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

சட்டத்துக்கு அவர்களைத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1849 டிசம்பரில் ஆனா கோஹ் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அப்பென்செலில் மரணதண்டனை நிறைவேற்றினார்கள். இன்னொரு பெண்ணை நகைக்காகக் கொன்ற குற்றம். வாளால் தலையை வெட்டினார்கள். இன்னர்ரோடனில் நடந்த கடைசி மரணதண்டனை அதுதான். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் தலையை எடுக்கவும் வேண்டி வந்தபோது பெண்ணும் அந்த நாட்டு ஆள்தான். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பு பிரெஞ்சுப் புரட்சியின்போது ஒலாம்ப் து கூஜ் இதே முரணைத்தான் சுட்டிக்காட்டினார். கொலைக்களத்தில் ஏறும் உரிமை உள்ளவளுக்குப் பேச்சு மேடையில் ஏறும் உரிமை ஏன் இல்லை என்று. அவர் தலையையும் வாங்கினார்கள்.

இப்போது அந்தச் சொல். 1872ஆம் ஆண்டு இன்னர்ரோடன் அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நாட்டார் பேரவையில் வாக்களிக்கத் தகுதியுடையவர்கள் யார் என்று சொல்கிறது. கான்டனில் குடியிருக்கும் எல்லா ‘லாண்ட்லாய்டெ’யும், மற்ற ஸ்விஸ் குடிகளும். லாண்ட் என்றால் நாடு. லாய்டெ என்றால் மக்கள், ஆட்கள். நாட்டு மக்கள். அந்தச் சொல்லில் ஆண் என்ற குறிப்பே இல்லை. ஆனாலும் படித்தவர்கள், படிக்காதவர்கள், பாதிரியார், நீதிபதி எல்லோருக்கும் அதன் பொருள் ஆண்கள் என்று தெரிந்திருந்தது. எழுதத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்திருந்தது.

தமிழ் இலக்கணம் உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று மூன்றாகப் பகுக்கிறது. ‘மக்கள்’, ‘ஊரார்’, ‘அவையோர்’, ‘சான்றோர்’ எல்லாம் பலர்பால். ஆண்பால் விகுதியும் இல்லை, பெண்பால் விகுதியும் இல்லை. தமிழ் பெண்களை ஒதுக்காத மொழி என்று பெருமையோடு இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சரி, ‘ஊரார் கூடிப் பேசினார்கள்’ என்று ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள் என்று மாணவியரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆலமரம் தெரிகிறது, திண்ணை தெரிகிறது, வேட்டியும் துண்டும் தெரிகின்றன. சேலை தெரிந்ததாக இதுவரை ஒருத்தியும் சொன்னதில்லை. இலக்கணத்தில் இடமிருப்பது வேறு, பழக்கத்தில் இடமிருப்பது வேறு.

ஸ்விட்சர்லாந்தில் இந்தச் சொல் வழக்கை முதலில் தொடுத்தவர் எமிலி கெம்பின்-ஸ்பைரி. ‘ஹைடி’ கதையை எழுதிய ஜொஹானா ஸ்பைரிக்குக் கணவர் வழியில் மகள் முறை. திருமணமாகி மூன்று குழந்தைகள் பிறந்த பிறகு சூரிச்சில் சட்டம் படித்து, 1887இல் முனைவர் பட்டம் வாங்கியவர். ஐரோப்பாவில் சட்டத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். நீதிமன்றத்தில் தன் கணவர் சார்பாக வாதாட அவரை அனுமதிக்கவில்லை. வாதாட முழுக் குடியுரிமை வேண்டும், அது ஆண்களுக்குத்தான் உண்டு என்றார்கள். கூட்டாட்சியின் 1874ஆம் ஆண்டு அரசியல் சட்டம், சட்டத்தின் முன் எல்லா ஸ்விஸ்காரர்களும் சமம் என்கிறதே, ‘ஸ்விஸ்காரர்’ என்பதில் பெண்ணும் அடக்கம்தானே என்று அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1887 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இந்தக் கருத்து புதுமையானது, அதே அளவுக்குத் துணிச்சலானது, ஏற்பதற்கில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கெம்பின்-ஸ்பைரி அமெரிக்கா போய் நியூயார்க்கில் பெண்களுக்குச் சட்டம் கற்பித்தார், திரும்பி வந்தார், தொழில் செய்ய வழியில்லாமல் அலைந்தார். 1901இல் பாசல் நகர மனநல விடுதியில் இறந்தார். அவருக்குக் கிடைக்காத வழக்கறிஞர் உரிமையைப் பிற பெண்களுக்குச் சூரிச் கான்டன் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு வழங்கியிருந்தது.

அதற்குப் பின் எழுபது ஆண்டு. 1957 மார்ச் 3ஆம் தேதி ஆண்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். குடிமக்கள் பாதுகாப்புப் பணியில் பெண்களும் கட்டாயமாகச் சேர வேண்டுமா என்பது கேள்வி. கடமை பெண்களுக்கு, முடிவு ஆண்களுக்கு. இது எப்படிப்பட்ட நியாயம் என்று வாலே கான்டனின் மலைச்சரிவில் உள்ள உன்டர்பெஹ் என்ற சிற்றூருக்குத் தோன்றிவிட்டது. வாக்காளர் பட்டியல் தயாரிப்பது ஊராட்சியின் வேலை, எனவே பெண்களைச் சேர்க்கிறோம் என்று ஊராட்சி மன்றம் முடிவெடுத்தது. தகுதியுள்ள 86 பெண்களில் 33 பேர் வந்தார்கள். முதலில் வாக்குப் போட்டவர் காத்தரீனா சென்ஹாய்சர்ன், ஊராட்சித் தலைவரின் மனைவி. நாடு முழுவதிலும் பெண் ஒருவர் வாக்களித்தது அதுதான் முதல் முறை. அவர்கள் சீட்டுகளைத் தனிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். பிறகு செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தச் சட்டத் திருத்தம் ஆண்களின் வாக்கிலேயே தோற்றுப்போனது தனிக்கதை.

அந்த ஊர் முயற்சிக்குப் பின்னால் ஐரிஸ் ஃபொன் ரோட்டனும் அவர் கணவர் பீட்டரும் இருந்தார்கள். ஐரிஸ் சட்டம் படித்தவர், பத்திரிகையாளர். 1958இல், பெண்கள் குழந்தைக் கூண்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள் என்ற பொருள்பட்ட தலைப்பில் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் ஒரு நூல் எழுதினார். வேலை, காதல், தாய்மை, வீட்டுவேலை, அரசியல் ஒன்றையும் விடவில்லை. நாடே கொதித்தது. பாசல் திருவிழாவில் அவரைக் கேலிப்பொருளாக்கி ஊர்வலம் விட்டார்கள். இந்த நூல் வாக்குரிமைக்குக் கேடு செய்துவிடும் என்று பெண்கள் அமைப்புகளே விலகி நின்றன. மறு ஆண்டு, 1959 பிப்ரவரி 1 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று ஆண்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். இன்னர்ரோடனில் நூற்றுக்கு 95 பேர் வேண்டாம் என்றார்கள். பழியில் ஒரு பங்கு ஐரிஸின் நூல்மேல் விழுந்தது. பெண் கூடுதலாகப் பேசியதால்தான் கிடைக்கவில்லை என்று சொல்லும் பழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுபோலிருக்கிறது.

1971 பிப்ரவரி 7 அன்று மறுபடி கேட்டார்கள். இம்முறை மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் சரி என்றார்கள். இன்னர்ரோடனில் பத்துக்கு ஏழு பேர் அப்போதும் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் கூட்டாட்சித் தேர்தலில் அப்பென்செல் பெண்களுக்கும் வாக்கு வந்துவிட்டது. கான்டன் விவகாரத்தில் அந்தந்தக் கான்டன் முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்ததால், சதுக்கத்தின் கயிறு அவிழவில்லை. நாட்டின் நாடாளுமன்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கலாம். தன் வீட்டு வாசலில் போடும் சாலையைப் பற்றிக் கை தூக்க முடியாது. இந்த விசித்திர நிலை இருபது ஆண்டு நீடித்தது.

1973இல் பேரவை கூடி மறுத்தது. 1982இல் மறுத்தது. இடையே 1981இல் ஆணும் பெண்ணும் சமம் என்ற பிரிவைக் கூட்டாட்சி அரசியல் சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். 1985இல் புதிய திருமணச் சட்டத்தை வாக்கெடுப்பில் ஏற்று, 1988 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அதுவரை கணவன்தான் குடும்பத் தலைவன், எங்கே குடியிருப்பது என்பதை அவன் சொல்வான், மனைவி வேலைக்குப் போக அவன் சம்மதம் வேண்டும். 1989இல் அண்டை அவுசர்ரோடன், தன் நாட்டார் பேரவையிலேயே பெண்களை ஏற்றுக்கொண்டது. 1990 ஏப்ரலில் இன்னர்ரோடன் மூன்றாம் முறையாக மறுத்தது.

மறுத்தவர்கள் சொன்ன காரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, சதுக்கத்தில் இடம் போதாது என்பது. மற்றவை நமக்குப் பழகியவை. வீட்டுக்கு ஒரு குரல் போதும். கணவனும் மனைவியும் எதிரெதிராகக் கை தூக்கினால் குடும்பம் என்னாவது. வாள் ஏந்தி வருவது முன்னோர் மரபு. வெளியாட்கள் வந்து எங்களுக்குப் பாடம் சொல்ல வேண்டாம். எதிர்த்த பெண்களும் இருந்தார்கள். நாட்டளவில் பெண் வாக்குரிமையை எதிர்ப்பதற்கென்றே பெண்கள் நடத்திய சங்கம் ஒன்று இருந்தது. அவர்களை ஆண்களின் கைப்பாவை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்யத் தயங்குகிறேன். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், மாமியாரும் கொழுந்தனும் ஒரே தேவாலயத்துக்கு வரும் ஊரில், வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கு மரியாதை கிடைக்கிறது, வேண்டும் என்பவளுக்கு ஏச்சு கிடைக்கிறது. அந்தச் சூழலில் ஒருத்தி சொல்லும் வேண்டாமில் எவ்வளவு அவளுடையது என்பதை வெளியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. திறந்த வெளியில், அண்ணன் தம்பி அக்கம்பக்கத்தார் பார்க்க, கை தூக்கும் முறைக்கும் இதே குணம் உண்டு. நேர்மைக்கு அடையாளமாக அவர்கள் போற்றும் அந்த வெளிப்படைத்தன்மை, ஊரோடு ஒத்துப்போகாதவரை அடையாளம் காட்டவும் செய்கிறது. இதையும் சொல்ல வேண்டும்: 1959இலும் 1971இலும் நடந்தவை ரகசிய வாக்கெடுப்புகள். அப்போதும் பெரும்பாலான ஆண்கள் மறுக்கத்தான் செய்தார்கள். எல்லாப் பழியையும் கை தூக்கும் முறைமேல் போட்டுவிட முடியாது.

நீதிமன்றத்துக்குப் போனவர் தெரேசியா ரோனர். அப்பென்செலில் வசித்த மட்பாண்டக் கலைஞர். பேரவையில் தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கான்டன் அரசிடம் கேட்டார். மறுத்தார்கள். வழக்குத் தொடுத்தார். 1990 ஏப்ரல் மறுப்புக்குப் பிறகு வேறு பெண்களும், ஆண்கள் சிலரும் வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். ஊரில் அவருக்குப் பகை மூண்டது. மிரட்டல்கள் வந்தன. சட்டப் புத்தகத்தில் வழக்கின் தலைப்பாக அவர் பெயர் இன்று ஒரு வரியில் இருக்கிறது; அந்த மாதங்களில் கடைக்கும் தேவாலயத்துக்கும் அவர் நடந்துபோன தெருவைப் பற்றி அந்த வரி ஒன்றும் சொல்வதில்லை.

1990 நவம்பர் 27 அன்று லொசான் நகரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் கான்டன் அரசியல் சட்டத்தை ரத்து செய்யவில்லை. திருத்தி எழுதச் சொல்லவில்லை. 16ஆம் பிரிவைப் படித்தார்கள். லாண்ட்லாய்டெ, ஸ்விஸ்காரர் என்ற சொற்களைப் பெண்களையும் சேர்த்துப் பொருள்கொள்ளத் தடையேதும் இல்லை. கூட்டாட்சிச் சட்டம் சமத்துவத்தை வலியுறுத்தும்போது அப்படித்தான் பொருள்கொள்ளவும் வேண்டும் என்றார்கள். எனவே பேரவையின் சம்மதம் தேவைப்படவில்லை. நாட்டு மக்கள் என்றால் நாட்டு மக்கள்.

கெம்பின்-ஸ்பைரி அதே நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட அதே வாதத்தை வைத்து நூற்று மூன்று ஆண்டுகளும் பத்து மாதங்களும் ஆகியிருந்தன. ஐரிஸ் ஃபொன் ரோட்டன் இந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில், எழுபத்து மூன்று வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

1991 ஏப்ரல் 28 அமைதியாகவே கழிந்தது. பெண்கள் மஞ்சள் அட்டையோடு வந்தார்கள். சதுக்கத்தில் இடம் இருந்தது. ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து, ஜூன் 14 அன்று, நாடு முழுக்கச் சுமார் ஐந்து லட்சம் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாக்கு வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. அவுசர்ரோடன் தன் பேரவையையே 1997இல் கலைத்துவிட்டுச் சீட்டுமுறைக்குப் போய்விட்டது. பெண்களை ஏற்க மாட்டோம் என்று அடம்பிடித்த இன்னர்ரோடனில் பேரவை இன்றும் நடக்கிறது, பெண்களோடு.

1996இல் அந்தப் பேரவை ரூத் மெட்ஸ்லர் என்ற இளம்பெண்ணைக் கான்டன் நிதிப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தது. வளையத்துக்குள் பெண்கள் வந்து ஐந்தே ஆண்டு. 1999இல், முப்பத்து நான்கு வயதில், அவர் நாட்டை ஆளும் எழுவர் கொண்ட கூட்டாட்சி அவையில் உறுப்பினரானார். 2003 டிசம்பரில் நாடாளுமன்றம் அவரை மறுபடி தேர்ந்தெடுக்க மறுத்தது. பதவியில் இருக்கும் உறுப்பினரை இப்படி வெளியேற்றுவது 1872க்குப் பிறகு அதுவே முதல் முறை. அவர் இடத்துக்கு வந்தவர் கிறிஸ்டோஃப் ப்ளோஹர். 1985இல் புதிய திருமணச் சட்டத்துக்கு எதிரான பிரசாரத்தை முன்னின்று நடத்தியவர்.

இந்த நாட்டோடு தமிழர்களுக்கு உறவு உண்டு. 1980களிலிருந்து போரிலிருந்து தப்பி அங்கே போன ஈழத்தமிழர்கள் இன்று பெரிய சமூகமாக வாழ்கிறார்கள். இலங்கையில் 1931 முதல் பெண்களுக்குச் சட்டப்படி வாக்குண்டு. தாயும் பாட்டியும் வாக்குப் போட்டுப் பழகிய பெண்கள் தஞ்சம் கேட்டுப் போய் இறங்கிய நாட்டில், ஒரு கான்டனின் பெண்கள் அப்போதும் கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். குடியுரிமை பெறாதவர்களுக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களானாலும், பெரும்பாலான கான்டன்களில் வாக்கு இல்லை. ஸ்விட்சர்லாந்தில் வசிப்பவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் அப்படிப்பட்டவர்கள். நொய்ஷாட்டெல், ஜுரா போன்ற சில கான்டன்கள் மட்டும் அவர்களையும் உள்ளூர் விவகாரங்களில் சேர்த்துக்கொள்கின்றன. மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் உணவுவிடுதிச் சமையலறையிலும் உழைத்து, வரியும் கட்டும் ஒரு தமிழ்ப் பெண் இந்த நாட்டு மக்களில் ஒருத்தியா என்பதற்கு அந்தச் சொல் இன்னும் விடை சொல்லவில்லை. பூத்தையல்காரியிடம் சொன்னதையே அவளிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னர்ரோடனில் ஆட்சித் தலைவரின் பட்டம் லாண்டம்மான். ‘மான்’ என்பது ஆண். நாட்டின் பொறுப்பாண்மகன் என்று பழந்தமிழில் பெயர்க்கலாம். 2025 ஏப்ரலில் பேரவை அந்தப் பதவிக்கு முதன்முதலாக ஒரு பெண்ணை, ஆங்கெலா கொல்லரைத் தேர்ந்தெடுத்தது. பட்டத்தின் பெயரை மாற்றவில்லை. முன்னால் ‘ஃபிராவ்’ சேர்த்து, ஃபிராவ் லாண்டம்மான் என்று அழைக்கிறார்கள்: திருமதி நாட்டாண்மகன். கேட்க விநோதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண் தலைவர் என்று நாம் எழுதும்போதும் தலைவர் என்ற சொல்லுக்கு முன்னால் ஏன் ஓர் அடைமொழி தேவைப்படுகிறது என்று யோசித்தால் அந்த விநோதம் குறைந்துவிடும்.

வாளை ஏந்தி வந்து வாக்களிக்கும் வழக்கமும் மாறவில்லை. ஆண் இரண்டில் எதைக் காட்டினாலும் போதும், வாளோ அட்டையோ. பெண்ணுக்கு அட்டைதான்.